பெட்ரோல் ஓடும் குழாய்

பட்டறையில் பழைய அம்பாசிடர் கார் ஒன்றைத் தூக்கி நிறுத்தியிருந்தால், சற்றுக் குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பின்புறமுள்ள பெட்ரோல் டாங்கிலிருந்து முன்புறமுள்ள எஞ்சினை நோக்கி மெல்லிய உலோகக் குழாய் ஒன்று ஓடுவதைக் காணலாம். 2014-இல் இக்காரின் உற்பத்தி நின்றுவிட்டது. எனவே பழைய வண்டியைப் பேணுவோர் துருப்பிடித்த குழாயைத் தாமே அளந்து, வளைத்துப் பொருத்திக்கொள்கிறார்கள்.

முழுவதும் ரப்பர் குழாயே போட்டால் என்ன? ரப்பர் கல்லடி படும். புகைபோக்கிக் குழாயின் சூட்டில் வெடிக்கும். இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனாலில் பழைய வகை ரப்பர் ஊறிக் கெடும். சரி, முழுவதும் உலோகமே போடலாமா? அதுவும் கூடாது. எஞ்சின் ரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்து ஆடிக்கொண்டே இருக்கிறது. ஆகவே கார்ச்சட்டத்துக்கும் எஞ்சினுக்கும் இடையில் மட்டும் ஒரு சிறு ரப்பர்த் துண்டு வேண்டும்.

ஒரு செம்புக் கம்பியை எடுத்து முன்னும் பின்னும் வளையுங்கள். முதலில் எளிதாக வளையும், பிறகு விறைக்கும், கடைசியில் ஒடிந்துவிடும். வளைக்க வளைக்க உலோகத்தின் படிக அமைப்பில் குறைகள் பெருகிச் சிக்கிக்கொள்வதே இதற்குக் காரணம். ஓடும் காரின் அதிர்வு செம்புக் குழாயை இப்படித்தான் நாளடைவில் விரிசல் காணச் செய்கிறது. எஃகோ, 90 பங்கு செம்பும் 10 பங்கு நிக்கலும் சேர்ந்த கலவையோ இதைவிட நன்கு தாங்கும்.

இணைப்புக்கு வருவோம். நட்டின் மரைதான் கசிவைத் தடுக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. குழாயின் வாயை ஊமத்தம்பூப் போல விரித்து, அதை ஒரு கூம்பின் மேல் நட்டு அழுத்துகிறது. உலோகம் உலோகத்தோடு ஒட்டிப் படிவதே அடைப்பு. மரைக்கு அழுத்தும் வேலை மட்டுமே. இங்கே டேப் சுற்றினால் அதன் பிசிறு போய்க் கார்புரேட்டரின் நுண்துளையை அடைக்கக்கூடும்! விரிவின் கோணம் 45 டிகிரி, 37 டிகிரி என இருவகை உண்டு. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், ஒன்றோடு மற்றொன்றைப் பொருத்தினால் மெல்லிய வளையம் ஒன்றில் மட்டுமே தொடும், கசியும். எஃகுக் குழாயின் விளிம்பு விரிக்கும்போது கீறிவிடக்கூடும் என்பதால் அதை உட்புறம் மடித்து இரட்டையாக்குவார்கள். வாயை விரிக்குமுன் நட்டைக் குழாயில் கோத்துவிட வேண்டும். இதை மறந்து, செய்த வேலையை வெட்டி எறியாத மெக்கானிக் அரிது!

இனி ஒரு வேடிக்கை. எஞ்சினோடு இணைந்த பம்பு பெட்ரோலை உறிஞ்சுகிறது. ஆகவே கார் ஓடும்போது நீண்ட குழாயினுள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அங்கே ஊசித்துளை விழுந்தால் பெட்ரோல் வெளியே சொட்டுவதைவிடக் காற்று உள்ளே புகுவதே முதலில் நிகழும். தரையில் ஈரம் இல்லாமலே எஞ்சின் தடுமாறும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும் அல்லவா? பெட்ரோலின் இலேசான பகுதிகள் 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதிக்கத் தொடங்குபவை. சூடான புகைக்குழாயின் அருகே குழாயைக் கொண்டுசென்றால் உள்ளே ஆவிக்குமிழி தோன்றி, கோடை வெயிலில் வண்டி நடுவழியில் நின்றுவிடும்.

பம்பைத் தாண்டிய சிறு பகுதியில் நிலைமை தலைகீழ். அங்கே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.3 கிலோதான், சைக்கிள் டயரில் இதைப்போல் பல மடங்கு உண்டு. ஆனாலும் இங்கே கசிந்தால் பெட்ரோல் சூடான எஞ்சின் மீதே விழும். 100 பங்கு காற்றில் ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே ஒரு பொறி போதும். அதனால் வேலை முடிந்ததும் ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் துடைத்து, எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தி, மறுபடி விரலால் தடவிப் பார்ப்பார்கள். இருட்டாக இருந்தால் டார்ச் விளக்கு கொண்டு பார்ப்பார்களே தவிர, தீக்குச்சியைக் கிழிக்க மாட்டார்கள்.