தேத்தண்ணி மணக்காத நாட்கள்

2021இல் கொரோனாக் காய்ச்சல் விட்ட மறுநாள் காலை தேத்தண்ணிக் கோப்பையை மூக்கருகே பிடித்தேன். சூடு தெரிந்தது, குடித்தால் சீனி தெரிந்தது, மணம் மட்டும் இல்லை. மஸ்கெலியாவில் காற்று கொஞ்சம் திரும்பினாலே ஸ்டோரில் கொழுந்து வாடுகிற வாசனை லயத்துக்குள் வந்துவிடும். அதையும் காணோம். தடிமன் பிடித்தால் மூக்கு அடைக்கும், மணம் போகும். அது தெரிந்த கதை. இங்கே மூக்கு அடைக்கவேயில்லை.

கொரோனா வைரஸ் தனியாக எதையும் செய்ய வக்கில்லாதது. சுமார் 30,000 எழுத்துகள் கொண்ட மரபுச் சரடு, அதிலிருந்து வரும் முப்பதுக்குக் கிட்டிய புரதங்கள், அவ்வளவுதான் அதன் சொத்து. 2020இல் கலிபோர்னியாவில் நெவன் குரோகன் என்ற விஞ்ஞானியின் குழுவினர் அந்தப் புரதங்களில் 26ஐ ஒவ்வொன்றாக மனித உயிரணுக்களுக்குள் விட்டு, எது நம்முடைய எந்தப் புரதத்தோடு ஒட்டுகிறது என்று இழுத்துப் பார்த்தார்கள். 332 ஒட்டுறவுகள் சிக்கின.

முதல் ஒட்டுறவு வாசலில். வைரஸின் மேலே நிற்கும் கூர்முள் புரதம், நம் உயிரணுவின் மேலுள்ள ஏசிஇ2 என்ற புரதத்தைப் பிடிக்கிறது. ஏசிஇ2 இரத்த அழுத்தத்தைச் சீராக வைக்க உதவும் நம் சொந்தப் புரதம். 2003இல் பரவிய சார்ஸ் வைரசும் இதே வாசலால்தான் நுழைந்தது. அந்த வைரஸை ஹொங்கொங்கில் அடையாளம் கண்டவர்களில் முக்கியமானவர் பேராதனையில் மருத்துவம் படித்த மலிக் பீரிஸ். நம் மலைக்குக் கீழே படித்தவர் என்று நாம் கொஞ்சம் பெருமைப்படலாம்.

பிடித்தால் மட்டும் போதாது, கூர்முள் இரண்டு இடங்களில் வெட்டுப்பட வேண்டும். வைரஸ் உருவாகும்போதே ஃபியூரின் என்ற புரதம் ஒரு வெட்டுப் போடுகிறது. வாசலில் இரண்டாவது வெட்டைப் போடுவது டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற இன்னொரு புரதம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஹட்டன் பஸ் போய்விடும். இரண்டு கத்தியும் நம்முடையவை. வெட்டு விழுந்ததும் கூர்முள் வில்லாக நிமிர்ந்து, வைரஸின் உறையை உயிரணுவின் உறையோடு சேர்த்து ஒட்டிவிடுகிறது.

உள்ளே நடப்பதுதான் பெரிய அட்டகாசம். உயிரணுவுக்குள் புரதம் செய்யும் ரோதை ரைபோசோம். புரதக் குறிப்பைச் சுமக்கும் செய்தி இழை, கொழுந்து போல, அதன் வாய்க்குள் நுழைந்தால்தான் புரதம் வரும். என்எஸ்பி1 என்ற வைரஸ் புரதம் தன் வாலை அந்த வாய்க்குள் செருகி அடைக்கிறது. நம் கொழுந்து வெளியே கிடக்க, வைரஸின் கொழுந்து மட்டும் அரைபடுகிறது. அதன் இழை நுனியில் உள்ள ஒரு மடிப்புக்கு அடைப்பு விலகிக்கொடுக்கிறது. இன்னொரு புரதம் ஓஆர்எஃப்6. உயிரணுவின் கருவுக்குள் போகும் துளையில் நம் இரண்டு புரதங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கும். வைரஸ் வந்துவிட்டது என்று சொல்ல ஓடும் தூதர் ஒப்பீஸ் வாசலிலேயே மறிக்கப்படுகிறார்.

இனி என் கோப்பைக்கு வருகிறேன். மணத்தை உணரும் நரம்பணுக்களில் ஏசிஇ2 அநேகமாக இல்லை. அவற்றைச் சுற்றி நின்று தாங்கிப் பராமரிக்கும் அணுக்களில் ஏசிஇ2வும் இருக்கிறது, டிஎம்பிஆர்எஸ்எஸ்2 கத்தியும் இருக்கிறது. 2020இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் காட்டியது இதுதான். தாங்குபவை விழுந்ததும் நரம்பணுக்கள் வேலை செய்ய முடியாமல் போயின. பின்னால் வந்த ஒமிக்ரான் திரிபு டிஎம்பிஆர்எஸ்எஸ்2வை அவ்வளவாக நம்பவில்லை. அதன் காலத்தில் மணம் இழந்தவர்களும் குறைவு.

மூக்கில் மணம் உணரும் படலத்தின் அடியில் இருக்கும் மூல அணுக்கள் இழந்தவற்றைத் திரும்ப உண்டாக்கும். அதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு மணம் திரும்பியது. இன்னும் மணம் திரும்பாதவர்கள் காது மூக்குத் தொண்டை வைத்தியரைப் பாருங்கள். மூக்குக்குப் பயிற்சியும் உண்டு: ரோஜா, எலுமிச்சை, கராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் காலை மாலை சில விநாடிகள், மாதக்கணக்கில், கவனமாக முகர வேண்டும். யூகலிப்டஸுக்கு நாம் கடைக்குப் போக வேண்டியதில்லை.