பழகின வண்டியையே மறுபடி வாங்கலாமா? கவனிக்க வேண்டியவை என்னென்ன?

ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் இடையே சுமார் 12 கி.மீ. மில்லுக்கும் கடைக்கும் இந்த ரோட்டில் தினமும் போய்வருவோரிடம் "பழகின வண்டி, அதையே எடுத்துருவோம்" என்ற பேச்சு சகஜம். அப்படி மறுபடி வாங்கப்படும் வண்டிகளில் ஒன்று ஸ்பிளெண்டர்.

ஏன் அதே வண்டி?

1994-ல் ஹீரோ ஹோண்டா அறிமுகப்படுத்திய ஸ்பிளெண்டரின் வழிவந்த ஸ்பிளெண்டர் பிளஸ் வரிசையில் இன்றும் 97.2 சிசி இன்ஜின்தான். எந்த ஊர் மெக்கானிக்குக்கும் தெரியும், ஸ்பேரும் கிடைக்கும்.

என்ன மாறியிருக்கிறது?

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 விதி கட்டாயமானது. கார்புரேட்டர் போய், எஃப்.ஐ. வந்துவிட்டது. ரிசர்வ் திருகும் கிடையாது. "ரிசர்வ்ல போட்டு பங்க் வரைக்கும் போயிரலாம்" என்று நம்பினால் நடுரோட்டில் தள்ள வேண்டியதுதான். சென்சார் கோளாறைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டும். வழக்கமான மெக்கானிக்கிடம் அது இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் மிச்சமாகுமா?

பழைய வண்டிக்கு இன்சூரன்ஸ் கிளெய்ம் வாங்காமல் இருந்தால் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ், வண்டிக்கு அல்ல, உரிமையாளருக்குச் சொந்தம். அதைப் புது வண்டிக்கு மாற்றலாம். சொந்த சேதத்துக்கான பிரீமியத்தில் 50% வரை குறையும்.

பழைய வண்டியை என்ன செய்வது?

எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாலும் ஆர்.சி. பெயர் மாறியதா என்று பாருங்கள். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் இருப்பவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டும் என 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டதோடு விட்டுவிட வேண்டாம்.