கூலியும் அருளும்: கிறித்துவத் தமிழில் இறையருட் சொற்கள்

முன்னுரை

மலேசியத் தமிழ்க் கிறித்துவருள் கத்தோலிக்கர், மெதடிஸ்டு சபையார், லூத்தரன் சபையார் எனப் பல பிரிவினர் உளர். குருண் போன்ற கெடாத் தோட்டப்புறச் சிற்றூர்களில் இவர்தம் பிள்ளைகள் ஒரே வகுப்பறையில் தமிழ் பயில்வதுண்டு. அவர்களுள் ஒருவர் 'கிருபை' என்பதை மற்றவர் 'அருள்' என்பார். ஒருவரது 'விசுவாசம்' மற்றவருக்கு 'நம்பிக்கை'. இவை வெறும் வடசொல், தமிழ்ச்சொல் வேறுபாடுதானா என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

சொற்களின் வரலாறு

1706ஆம் ஆண்டில் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி நிறைவுற்றது. அதன்பின் தோன்றிய மொழிபெயர்ப்புகளுள் 1871ஆம் ஆண்டுப் பதிப்பு சீர்திருத்தச் சபைகளில் இன்றும் வழங்குகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் கத்தோலிக்கரிடையே நிலைபெற்றுள்ளது. எபேசியர் 2:8இல் முன்னது கிருபை, விசுவாசம், இரட்சிப்பு என்னும் சொல்வழக்கையும், பின்னது அருள், நம்பிக்கை, மீட்பு என்னும் சொல்வழக்கையும் பின்பற்றுகின்றன.

'அருள்' புதிதாக ஆக்கப்பட்ட சொல் அன்று. திருக்குறளின் 25ஆம் அதிகாரத்தில் அது மாந்தர் பிற உயிர்கள்பால் காட்ட வேண்டிய பண்பு. சைவ சித்தாந்தத்தில் அது உயிரைப் பாசத்தினின்று விடுவிக்கும் இறைவனின் ஆற்றல். கிறித்துவத்திலோ, தகுதியற்ற பாவிக்குக் கிறிஸ்துவின் வழியாகக் கடவுள் விலையின்றி அளிக்கும் தயவே அருள். ஆகவே, சொல் ஒன்றாயினும் பொருள் மரபுதோறும் வேறுபடுகிறது. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை, 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். தமிழ்ப் பக்தி மரபு கிறித்துவ அருட்கோட்பாட்டைத் தாங்கவல்லது என்பதற்கு அக்காப்பியம் சான்றாகும்.

திராட்சைத் தோட்ட உவமை

இக்கோட்பாட்டைத் தோட்டப்புற மாணவர்க்கு விளக்க மத்தேயு 20:1-16 மிகவும் பொருத்தமானது. விடியற்காலையில் வேலைக்கு வந்தவர்க்கும், மாலையில் ஒருமணி நேரமே உழைத்தவர்க்கும் தோட்டக்காரர் ஒரே கூலி கொடுக்கிறார். முதலில் வந்தோர் முணுமுணுக்கின்றனர். பால்மரம் வெட்டி, இறக்கிய பாலின் எடைக்கேற்பக் கூலி பெற்ற குடும்பத்தார்க்கு அம்முணுமுணுப்பு நியாயமாகவே தோன்றும்.

எனினும், பேசிய கூலி எவருக்கும் குறைக்கப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. கூலி உழைப்புக்கு உரியது, கேட்டுப் பெறத்தக்கது. அருளோ கடனன்று, கொடை. இறைவனின் இரக்கம் நீதியை மீறுவதில்லை. அதைக் கடந்து செல்கிறது. இவ்வுவமையைக் காட்டித் தொழிலாளியின் ஊதியத்தைக் குறைப்பதற்கும் இடமில்லை. அறுவடை செய்தோரின் கூலியைப் பிடித்துவைப்போரை யாக்கோபு 5:4 கடுமையாகக் கண்டிக்கிறது.

நம்பிக்கையும் நற்செயலும்

நம்பிக்கையும் அருளுக்குத் தரப்படும் விலையன்று. கொடையை ஏற்க நீளும் வெறுங்கை எனலாம். நற்செயலோ மீட்பின் காரணமன்று, அதன் கனி. 16ஆம் நூற்றாண்டில் மேலைத் திருச்சபையைப் பிளந்த இச்சிக்கலில், அடிப்படை உண்மைகள் குறித்துக் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் 1999ஆம் ஆண்டு அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கை ஒன்றில் ஒப்பமிட்டனர். 2006இல் உலக மெதடிஸ்டு பேரவையும் அவ்வுடன்பாட்டில் இணைந்தது.

முடிவுரை

கிருபை, அருள் ஆகிய இரண்டும் கிறித்துவ வழக்கில் ஒரே கொடையைச் சுட்டுவன. ஆசிரியர் ஒன்றைப் பிழையென ஒதுக்குதல் பொருந்தாது. பாட்டி 'கிருபை' என்று வேண்டியதையும் பேரன் 'அருள்' என்று படிப்பதையும் இணைத்துக் காட்டுவதே மொழியாசிரியர் கடன். அவ்வாறு செய்யாவிடின் சொல் மாறும்பொழுது தலைமுறைகளுக்கிடையே பொருளும் அறுந்துவிடும்.