நாய் அடிக்கடி தும்முவது ஏன்?

வாகரைப் பக்கத்தில் நாய் இல்லாத வளவைக் காண்பது அரிது. சேனைக் காவலுக்கு ஒன்று, வாடிக் காவலுக்கு ஒன்று என வளர்க்கிறோம். அது அடிக்கடி தும்மினால், "தடிமன்தான், தானாக மாறும்" என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியே. ஆயினும் எல்லாத் தும்மலையும் அப்படி விட்டுவிட முடியாது.

நாய் மூக்கினாலேயே உலகை அறிகிறது. மணத்தை உணரும் கலங்கள் மனிதரில் ஏறத்தாழ 50 இலட்சம். நாயிலோ 20 கோடிக்கும் மேல். நிலத்தை முகர்ந்து திரியும் அந்த மூக்கினுள் புகுந்ததை வெளியே தள்ளுவதே தும்மல். அடுப்புப் புகை, நுளம்புச்சுருள், எரியும் குப்பை, கடற்கரை மணல் ஆகிய எதுவும் அதற்குப் போதும். விளையாட்டு உற்சாகத்திலும் நாய் தும்மும். இவற்றுக்கு மருந்து வேண்டாம். புகைக்கும் தூசிக்கும் எட்டக் கட்டினால் சரி.

கவனிக்க வேண்டியவை இரண்டு.

முதலாவது, ஒரு நாசியில் மட்டும் இரத்தமோ சளியோ வருதல். திடீரென விடாமல் தும்மி, மூக்கைக் காலால் தேய்த்தால் ஒட்டுப்புல் விதை புகுந்திருக்கலாம். குளத்து நீர் குடிக்கும் நாயின் மூக்கில் அட்டை ஏறியிருக்கலாம். வயதான நாயில் மேற்பல்லின் வேர் சீழ்ப்பிடித்தும் இவ்வாறு நேரும். ஈர்க்கு விட்டுக் கிண்டாமல் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது, தும்மலோடு காய்ச்சல், கண்ணில் பீளை, இருமல், வயிற்றோட்டம் சேர்ந்து வருதல். குட்டிகளில் இது டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். பின்னர் வலிப்பும் காணும். மனிதருக்கு இது நோயைத் தராது. ஆனால் தும்மலில் தெறிக்கும் துளிகளால் அயல் நாய்களுக்குப் பரவும். 1994இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு சிங்கங்கள் இந்நோயால் மடிந்தன. வைரசை அழிக்கும் மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. ஆறு முதல் எட்டு வார வயதில் அதைத் தொடங்க வேண்டும்.

"எங்கள் நாய்க்குத்தான் ஊசி போட்டாயிற்றே" என்பார்கள் சிலர். அவர்கள் சொல்வது விசர்நாய்த் தடுப்பூசியை. அது அவசியம், ஆனால் டிஸ்டெம்பரைத் தடுக்காது. இரண்டும் வேறு வேறு ஊசிகள்.

வலிப்போ தள்ளாட்டமோ கண்ட நாயின் வாயருகே கை கொண்டுபோகாதீர்கள். அது விசராகவும் இருக்கலாம். கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

ஒரு நாசியா, இரண்டுமா? தும்மலோடு வேறென்ன? இவ்விரண்டையும் பார்த்து வைத்துச் சொன்னால் வைத்தியரின் வேலை பாதியாகும்.