கற்கும் பொறியும் எழுதியவர் உரிமையும்

வினவியவுடன் உரைநடையும் செய்யுளும் அருளுரைக் குறிப்பும் இயற்றித்தரும் கணிப்பொறி அமைப்புகள் இன்று போதகர் இல்லங்களிலும் இறையியல் மாணவர் விடுதிகளிலும் புழங்குகின்றன. ஆக்கும் செயற்கை நுண்ணறிவு என்பது இவற்றின் பெயர். எண்ணிறந்த நூல்களையும் செய்திகளையும் கட்டுரைகளையும் உட்கொண்டே இவை எழுதக் கற்றன. அவற்றுள் பல, எழுதியோரின் பதிப்புரிமைக்கு உட்பட்டவை. அங்ஙனமாயின், ஒப்புதலும் ஊதியமும் இன்றி அவற்றைக் கொண்டு பொறியைப் பயிற்றுவிப்பது பதிப்புரிமை மீறலாகுமா? இவ்வினா வழக்கறிஞர்க்கு மட்டும் உரியதன்று. எழுதுவோரும் பிறர் எழுத்தைப் பயன்படுத்துவோருமாகிய நமக்கும் உரியது.

1. செயல் ஒன்றன்று, மூன்று

‘பயிற்சி’ என்னும் ஒரு சொல்லுக்குள் மூன்று செயல்கள் அடங்கியுள்ளன. முதலாவது, திரட்டல். இதில் நூல்களின் முழுப் படிகள் எடுக்கப்பட்டுச் சேமிக்கப்படுகின்றன. இரண்டாவது, கற்பித்தல். உரை சிறுசிறு துண்டுகளாகப் பகுக்கப்பட, ஒன்றையடுத்து எது வரும் என்று பொறி ஊகிக்கிறது. ஊகம் பிழைக்குந்தோறும் அதனுள் உள்ள எண்கள் திருத்தப்படுகின்றன. முடிவில் எஞ்சுவது நூலன்று, எண்களின் பெருந்தொகுதியே. ஆயினும், பன்முறை கண்ட பகுதியைப் பொறி மனப்பாடமாக ஒப்பிப்பதும் உண்டு. மூன்றாவது, வெளியீடு. வினவுவோர்க்குப் பொறி விடை எழுதித் தருகிறது. இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதாலேயே இப்பொருள்பற்றிய வாதங்கள் பல முடிவின்றி நீளுகின்றன.

2. நம் நாட்டுச் சட்டம்

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, ஒரு படைப்பைப் படியெடுக்கும் உரிமையை அதன் உரிமையாளருக்கே அளிக்கிறது. மின்னணு முறையில் சேமித்து வைத்தலும் படியெடுத்தலே என்று அப்பிரிவு வெளிப்படையாகக் கூறுகிறது. எனவே, திரட்டலாகிய முதற்செயல் நேரே சட்டத்தின் கண்முன் நிற்கிறது.

மறுபுறம், கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை. கருத்தை வெளியிட்ட வடிவத்துக்கே உண்டு. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்சநீதிமன்றம் இதனைத் தெளிவாக்கிற்று. ஒருவருடைய விளக்கவுரையைப் படித்து, அதன் கருத்தைத் தம் சொல்லில் உரைக்கும் போதகர் எவர் உரிமையையும் பறிப்பதில்லை. பொறியும் அங்ஙனமே கற்கிறது என்பது நிறுவனங்களின் வாதம்.

சட்டத்தின் 52-ஆம் பிரிவு சில விலக்குகளைப் பட்டியலிடுகிறது. தனிப்பட்ட பயன், ஆராய்ச்சி, திறனாய்வு, நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கான நியாயமான பயன்பாடு அவற்றுள் சேரும். மெய்யான சமயச் சடங்கில் ஒரு படைப்பை நிகழ்த்துதலும் மீறலன்று. கல்வி போதிக்கும் போக்கில் ஆசிரியரும் மாணவரும் படியெடுத்தலும் அவ்வாறே. தில்லிப் பல்கலைக்கழக நகலகம் பற்றிய வழக்கில், பாடத்தொகுப்புகளை நகலெடுத்தது இவ்விலக்கினுள் அடங்கக்கூடும் என்று 2016-இல் தில்லி உயர்நீதிமன்றம் பரந்த பொருள் கொண்டது. ஆனால் இப்பட்டியலில் பொறியைப் பயிற்றுவித்தல் இல்லை. அமெரிக்கச் சட்டத்தில் உள்ளதுபோல் எல்லாச் சூழலுக்கும் நெகிழ்ந்துகொடுக்கும் பொதுவிதியும் நம் சட்டத்தில் இல்லை.

3. தில்லியில் எழுந்த வழக்கு

2024 நவம்பரில் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன் ஏஐ நிறுவனத்தின்மீது தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நீதிமன்றம் நான்கு வினாக்களை வகுத்தது. பயிற்சிக்காகச் செய்திகளைச் சேமித்தது மீறலா? விடை எழுதுதற்கு அவற்றைப் பயன்படுத்தியது மீறலா? இவை 52-ஆம் பிரிவின் நியாயமான பயன்பாட்டுள் அடங்குமா? கணிப்பொறிகள் அயல்நாட்டில் இருக்க, நம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா? வழக்குத் தொடுக்கப்பட்ட காலத்தில் இவற்றுக்கு விடைகூறும் முந்தைய தீர்ப்பு இந்தியாவில் இருக்கவில்லை. முதலிரு வினாக்களும் நாம் மேலே பகுத்த செயல்களையே தனித்தனியே வினவுவது நோக்கத்தக்கது.

4. பிற நாடுகளின் முடிவுகள்

2025 ஜூனில், எழுத்தாளர் மூவர் ஆந்திரோபிக் நிறுவனத்தின்மீது தொடுத்த வழக்கில், அமெரிக்க நீதிபதி ஆல்சப், விலைகொடுத்து வாங்கிய நூல்களைக் கொண்டு பயிற்றுவித்தது நியாயமான பயன்பாடே என்றார். ஆனால் திருட்டுத் தளங்களிலிருந்து நூல்களை இறக்கி நூலகமாகச் சேர்த்தது அவ்வாறாகாது என்றார். பின்னர் அந்நிறுவனம் 150 கோடி டாலர் அளிக்க உடன்பட்டுச் சமரசம் செய்துகொண்டது. அதே மாதத்தில் மெட்டா நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த நீதிபதி சாப்ரியா, நூற்சந்தைக்கு நேரும் இழப்பு மெய்ப்பிக்கப்படாமையே அதற்குக் காரணம் என்றும், மெய்ப்பிக்கப்பட்டால் முடிவு வேறாகலாம் என்றும் உணர்த்தினார்.

2025 நவம்பரில் மியூனிக் நீதிமன்றம், பாடல் வரிகள் பொறிக்குள் மனப்பாடமாய்ப் பதிந்திருப்பதே படியெடுத்தல் என்றது. அதே மாதத்தில் இலண்டன் நீதிமன்றம், கெட்டி நிறுவனத்தின் படங்களைப் பற்றிய வழக்கில், படிகளைத் தன்னுள் சேமித்து வையாத பொறி சட்டவிரோதப் படியாகாது என்றது. ஜப்பான் 2018-இல் சட்டத்தைத் திருத்திப் பயிற்சிக்குப் பரந்த இடமளித்தது. ஐரோப்பிய ஒன்றியமோ 2019-இல், உரிமையாளர் மறுப்புத் தெரிவிக்காவிடில் படியெடுக்கலாம் என்று விதித்தது. இம்முடிவுகள் முரண்படுவனபோல் தோன்றினும், எச்செயலை எந்நீதிமன்றம் நோக்கியது என்று கண்டால் முரண் பெரிதும் நீங்கும்.

5. தோப்பும் கூடையும்

அயலான் திராட்சத் தோட்டத்தில் வழிப்போக்கன் பசியாற உண்ணலாம், கூடையில் கொண்டுபோகலாகாது. விளைச்சலில் கையால் கதிர் கொய்யலாம், அரிவாள் இடலாகாது என்று உபாகமம் 23-ஆம் அதிகாரம் எல்லை வகுக்கிறது. உண்பது ஒன்று, அறுவடை செய்வது வேறொன்று. எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற புளியங்குடியில் இதனை விளக்க வேண்டுவதில்லை. சந்தையில் காய் வாங்கி ஊறுகாய் இட்டு விற்பவர்மீது தோப்புக்காரர் குறைகூறார். வேலி தாண்டித் தோப்பு முழுவதையும் பறித்துக்கொண்டு, ஊறுகாயின் சுவை தம் கைவண்ணமே என்று வாதிப்பவரை அவர் மன்னிப்பாரா?

இவ்வளவையும் நோக்குமிடத்து நம் துணிபு இதுவாகும். கற்றலைச் சட்டம் தடுக்கலாகாது. ஆனால் கற்பதற்கென முழு நூல்களையும் வாணிக நோக்கில் ஒப்புதலின்றிப் படியெடுத்துச் சேமித்தல், நம் சட்டத்தின் சொற்களை உள்ளவாறே கொள்ளின், மீறலாகவே தோன்றுகிறது. அதற்குத் தீர்வு முழுத்தடை அன்று. தமிழ் நூல்கள் யாவும் விலக்கப்படின், வருங்காலப் பொறிகள் குறைபட்ட தமிழே பேசும். அதன் இழப்பு நம்முடையது. தீர்வு, ஊதியத்திலேயே உள்ளது.

இதற்குத் தமிழகத்தில் முன்மாதிரியும் உண்டு. 1949-இல் சென்னை அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை பொதுவுடைமையாயின. அதன்பின் எழுத்தாளர் பலருடைய நூல்களை அரசு நாட்டுடைமையாக்கி, மரபுரிமையர்க்குப் பரிவுத்தொகை வழங்கியுள்ளது. எழுத்து எல்லார்க்கும் ஆயிற்று. எழுதியவர் குடும்பமும் மறக்கப்படவில்லை. 2025 டிசம்பரில் நடுவண் அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை வெளியிட்ட பணியறிக்கையும், முறையாகப் பெற்ற படைப்புகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்தக் கட்டாய உரிமமும், அதற்கு ஈடாக எழுதியோர்க்கு உரிமைத்தொகையும் முன்மொழிந்தது. மறுப்புக்கூறும் உரிமை எழுதியவர்க்கு இதில் இல்லை என்பது பெருங்குறை. பதிவேடுகளில் பெயரில்லாத சிற்றூர்க் கீர்த்தனை ஆசிரியரை அத்தொகை எவ்வாறு சென்றடையும் என்பதும் விடைகாண வேண்டிய வினா.

6. நாம் செய்யத்தக்கவை

எழுதியவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை நீடிக்கும். ஆதலின் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) ஆகியோர் இயற்றியவை எவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்கவை. ஆனால் அண்மைக்காலத் திருமறை மொழிபெயர்ப்புகளுக்கும், வாழ்வோர் இயற்றிய பாடல்களுக்கும் உரிமையாளர் உண்டு. போதகர் எழுதிய அருளுரைக்கும், பதிவு செய்யாமலே, எழுதிய கணமுதல் உரிமை உண்டு. எனவே சபை மலர்களிலும் பாடல் ஏடுகளிலும் இயற்றியவர் பெயரையும் ஆண்டையும் தவறாது குறித்தல் வேண்டும். நாளை உரிமைத்தொகை வருமாயின், அக்குறிப்பே சான்றாகும். பிறர் நூலை முழுமையாகப் பொறிக்குள் இடுதலைத் தவிர்த்தல் வேண்டும். பொறி தந்த பகுதியைப் பிரசங்கத்திலோ இதழிலோ சேர்க்குமுன், அது பிறர் வரிகளை ஒப்பிக்கிறதா என ஆராய்தலும் கடமையாகும்.

கூலிக்காரருடைய கூலி பிடித்துவைக்கப்படுதலைக் கண்டித்த யாக்கோபின் நிருபத்தை நாம் வயல்வேலை செய்வோரைக் குறித்தே வாசித்து வந்துள்ளோம். சொல்வயலில் உழைத்தோரும் அவ்வரிசையில் நிற்கின்றனர் என்பதை இக்காலம் நமக்கு உணர்த்துகிறது.