கடை விழா வீடியோவில் முகம் மாறினால் என்ன செய்வது?

வரி, உரிமம், விலைவாசி பற்றிப் படிக்கும் இந்தப் பக்கத்தில் வீடியோவுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் நினைக்க வேண்டாம். தீபாவளித் தள்ளுபடியோ, புதுக்கடைத் திறப்போ, பொன்விழாவோ, இன்று எதுவும் வீடியோ இல்லாமல் நடப்பதில்லை. அதற்குக் காசு கொடுப்பவர்கள் நாம்தான். ஒரு பிடி மல்லியைக் கையில் எடுத்ததும் பழசா புதுசா என்று சொல்லத் தெரிந்த நமக்கு, வீடியோவையும் பார்த்து வாங்கத் தெரிய வேண்டாமா?

எங்கள் அனுபவத்தைச் சொல்கிறோம்.

1975-இல் எங்கள் தந்தையார் மதுரை கீழமாசி வீதியில் மிளகாய் வற்றல், மல்லி மொத்த வியாபாரம் தொடங்கினார். 2025-இல் கடைக்கு ஐம்பது ஆண்டு நிறைந்தது. 1994-இல் கிடங்கு திறந்தபோது ஒருவரை வைத்து விஎச்எஸ் கேசட்டில் விழாவைப் படம் பிடித்திருந்தோம். தந்தையார் 1999-இல் காலமாகிவிட்டார். அவர் நடமாடும் படம் எங்களிடம் அது ஒன்றுதான். பிறகு அதை டிவிடியில் மாற்றி வைத்திருந்தோம்.

பொன்விழா வீடியோவில் ஒரே ஒரு விஷயம் கேட்டோம். முதல் வியாபாரத்துக்கு வற்றலை நிறுத்துப் போட்டுவிட்டு அப்பா நிமிர்ந்து சிரிப்பார். அந்த இடத்தில் படம் அப்படியே நிற்க வேண்டும். பக்கத்தில் பெயரும் ஆண்டும் வர வேண்டும். சினிமாக்காரர்கள் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று சொல்வது இதைத்தான்.

விழாவுக்கு ஐந்து நாள் முன்பு வீடியோ வந்தது. குடும்பத்தோடு உட்கார்ந்து டிவியில் போட்டுப் பார்த்தோம். எங்கள் அம்மாவுக்கு 86 வயது. சிறிது நேரம் பார்த்துவிட்டு, "யாருடா இது? உங்க பெரியப்பா மாதிரியில்ல இருக்கு?" என்றார்.

பெரியப்பா கனத்த உடம்புக்காரர். அப்பாவோ ஒடிசலானவர். திரையில் அவர் முகம் அகன்று, தோள் பெருத்துத் தெரிந்தது. சிரிக்கும் இடத்தில் படம் நின்றதும் முகம் திடீரென்று ஒடுங்கி நோயாளி போல் ஆகிவிட்டது. கை விளிம்பில் சீப்புப் பல் போலக் கோடுகள். வீடியோ தொகுத்த தம்பியைக் கேட்டோம். "பழைய கேசட்டுங்க, அப்படித்தான் இருக்கும்" என்றார். அந்தப் பதிலை நாங்கள் ஏற்கவில்லை. இளைய மகன் கம்ப்யூட்டரில் உட்கார, நாங்கள் பக்கத்தில் உட்கார, இரண்டு இரவில் மூன்று குற்றமும் பிடிபட்டது. அவற்றில் இரண்டு அளவுக் குற்றம்.

முகம் ஏன் பெருத்தது?

பழைய டிவியின் திரை நான்கு பங்கு அகலம், மூன்று பங்கு உயரம். இன்றைய டிவி பதினாறுக்கு ஒன்பது. இந்த அகல உயரக் கணக்கைத்தான் ஆஸ்பெக்ட் ரேஷியோ என்கிறார்கள். பழைய படத்தைப் புதிய திரையில் போட்டால் இரு பக்கமும் கறுப்பு வரும். கறுப்பு வேண்டாம் என்று குறுக்கே இழுத்துவிட்டால் உயரம் அப்படியே இருக்க, அகலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அப்பா பெரியப்பா ஆனது இப்படித்தான்.

இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம். படத்தில் நேராகத் தெரியும் வட்டமான பொருள் ஒன்று போதும். எங்கள் படத்தில் சுவர்க் கடிகாரம் இருந்தது. டிவி திரையில் அடிக்கோலை வைத்து அளந்தோம். உயரம் 9 செ.மீ., அகலம் 12 செ.மீ. வட்டம் முட்டையாகிவிட்டதென்றால் முகமும் மாறியிருக்கிறது என்று பொருள்.

இதற்கு மருந்து, அகலத்தையும் உயரத்தையும் சேர்த்தே கூட்டிக் குறைப்பது. மென்பொருளில் 'யூனிஃபார்ம் ஸ்கேல்' என்ற குறி இருந்தால் அது எப்போதும் போட்டே இருக்கட்டும். பக்கவாட்டுக் கறுப்பு கண்ணை உறுத்தினால் அதே படத்தைப் பெரிதாக்கி, மங்கலாக்கிப் பின்னால் போடலாம். திரை நிறையும்படி முழுப் படத்தையும் பெரிதாக்கினால் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும். தலைப்பாகையும் தராசும் போய்விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நின்றதும் ஏன் ஒடுங்கியது?

நம் நாட்டில் வழங்கிய பால் முறை வீடியோவை டிவிடியில் பதிந்தால், பொதுவாக 720 புள்ளி அகலம், 576 வரி உயரம் இருக்கும். இந்த இரண்டையும் வகுத்தால் ஐந்துக்கு நான்குதான் வருகிறது, நான்குக்கு மூன்று வரவில்லை. காரணம், அந்தப் புள்ளிகள் சரிசதுரம் அல்ல, சற்று அகலமானவை. அடோபி பிரீமியர் புரோவில் இந்தக் கணக்கு 1.094 என்று குறிக்கப்படுகிறது. வீடியோ ஓடும்போது மென்பொருள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

தொகுத்தவர் என்ன செய்தார்? சிரிக்கும் இடத்தைத் தனிப் படமாக வெளியே எடுத்து, மறுபடி உள்ளே கொண்டுவந்து வைத்தார். தனிப் படமானதும் மென்பொருள் அதைச் சதுரப் புள்ளி என்று எடுத்துக்கொண்டது. அகலத்தில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு குறைந்தது. சாக்கின் எடையைக் கழிக்காமல் சரக்கை நிறுத்தது போலத்தான்.

மருந்து இரண்டு. படத்தை வெளியே எடுக்காமல் உள்ளேயே நிறுத்துவது முதல் வழி. பிரீமியரில் இதற்கு 'ஃப்ரேம் ஹோல்ட்' என்று பெயர். வெளியே எடுத்தே ஆக வேண்டுமானால் 'இன்டர்பிரட் ஃபுட்டேஜ்' என்ற இடத்தில் இது பால் புள்ளி என்று சொல்லிவிட வேண்டும். டாவின்சி ரிசால்வில் அந்த இடம் 'கிளிப் ஆட்ரிப்யூட்ஸ்'. அங்கே அகலத்திரைக்கு என்று இன்னொன்றும் இருக்கும். பழைய நான்குக்கு மூன்று படத்துக்கு அதைத் தேர்ந்தால் முகம் மறுபடி பெருத்துவிடும்.

சீப்புப் பல் எங்கிருந்து வந்தது?

பால் முறையில் நொடிக்கு 25 படம். ஒவ்வொரு படமும் இரண்டு பாதி. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்திலும், இரட்டைப்படை வரிகள் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்தும் பதிவாகும். பழைய குழாய் டிவியில் ஒன்று மாற்றி ஒன்று காட்டியதால் கண்ணுக்குத் தெரியவில்லை. படத்தை நிறுத்தினால் இரண்டு பாதியும் ஒன்றாகத் தெரிகிறது. இடையில் நகர்ந்த கை இரண்டு இடத்தில் விழுந்து பல் பல்லாகிறது.

இதற்கு 'டீஇன்டர்லேஸ்' என்று ஒரு வசதி உண்டு. இரண்டு பாதியில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நடு வரிகளை நிரப்பிக்கொள்ளும். கொஞ்சம் தெளிவு குறையும். ஆகவே கை ஓய்ந்து, முகம் அசையாதிருக்கும் படத்தைத் தேர்வது நல்லது. நாங்கள் ஏழு படம் தள்ளி நிறுத்தினோம். சிரிப்பு அப்படியே இருந்தது, கோடுகள் போய்விட்டன.

பேச்சு ஓட, படம் நின்றால்?

செல்போனில் எடுத்த வீடியோவில் வேறு தொல்லை உண்டு. பல போன்கள் நொடிக்கு இத்தனை படம் என்று ஒரே சீராகப் பதிவதில்லை. தொகுக்கும்போது படம் திக்கி நிற்கும், குரல் முன்னே போகும். 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளில் சீரான வேகத்துக்கு முதலில் மாற்றிக்கொண்டு பிறகு தொகுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். தொகுக்கும் திரையில் மட்டும் திக்கினால் அது கம்ப்யூட்டரின் இளைப்பாகவும் இருக்கலாம். முடிந்த ஃபைலை ஓட்டிப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

ஒரே வீடியோ எல்லாத் திரைக்கும் ஆகாது

கடை டிவிக்கு 1920-க்கு 1080. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு நெட்டையாக 1080-க்கு 1920. சில மண்டபப் புரொஜெக்டர்கள் இன்றும் பழைய நான்குக்கு மூன்று. கிடைமட்ட வீடியோவை நெட்டைத் திரை நிறைய வெட்டினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூட மிஞ்சாது. விலை எழுதியிருந்தால் யோசித்துப் பாருங்கள். 'கிலோ ரூ. 180' என்பதில் கடைசிச் சுழி வெட்டுப்பட்டால், போனைக் காட்டி 18 ரூபாய்க்குக் கேட்கும் வாடிக்கையாளருக்கு நாம் என்ன பதில் சொல்வது? ஒவ்வொரு திரைக்கும் தனியாகத் தொகுக்கச் சொல்லி முன்பே விலை பேசுவதுதான் சரி.

முன்பணம் கொடுக்குமுன் கேளுங்கள்

1. எந்தெந்தத் திரைக்கு, என்ன அளவில் தருவீர்கள்?

2. பழைய படத்தை இழுத்து நிரப்பாமல் வைப்பீர்களா?

3. நிற்கும் படம் ஓடும் படத்தோடு அளவு ஒத்திருக்குமா?

4. முழுப் பணத்துக்கு முன் கடை டிவியிலும் போனிலும் போட்டுக் காட்டுவீர்களா?

5. மூலக் கேசட்டையும் டிவிடியையும் எப்போது திருப்பித் தருவீர்கள்?

ஐந்தாவது கேள்வியை மறந்துவிடாதீர்கள். மூலப் பதிவு கையில் இருந்ததால்தான் எங்களால் திருத்த முடிந்தது.

நாங்கள் கண்டதை வீடியோ தொகுத்த தம்பியிடம் பொறுமையாகச் சொன்னோம். அவரும் கோபப்படாமல் ஒரே நாளில் திருத்திக் கொடுத்தார். பழைய கேசட் என்று சொன்னதற்கு வருத்தமும் தெரிவித்தார்.

விழாவுக்கு முதல்நாள் இரவு அம்மாவுக்கு மறுபடி போட்டுக் காட்டினோம். கடிகாரம் வட்டமாக இருந்தது. அப்பா வற்றலை நிறுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார், சிரித்தார், படம் நின்றது. அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார். "அவுகளேதான்" என்றார்.