கூரையும் காப்புறுதியும்

தலைமன்னாரில் ஆலங்கட்டி மழை அபூர்வம். கூரைக்குப் பகை புயற்காற்றே. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு எழுந்த புயல் எதிர்க்கரைத் தனுஷ்கோடியை அழித்தது. இக்கரையையும் அது விட்டுவைக்கவில்லை.

காப்புறுதி உண்டே என்று நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். தீக்காப்புறுதிப் பத்திரத்தில் புயலும் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று எத்தனைபேர் பார்க்கிறோம்? சேர்த்திருந்தாலும் வில்லங்கம் ஒன்றுண்டு. உப்புக்காற்று தகரத்தையும் ஆணியையும் நாளடைவில் அரித்துவிடும். அத்தேய்மானத்துக்குப் பொதுவாக இழப்பீடு கிடையாது. புயல் தூக்கிய தகரத்தையும் துருவின் கணக்கில் எழுத மதிப்பீட்டாளருக்கு இடம் கொடுக்கலாகாது. ஆகவே ஐப்பசி பிறக்குமுன் கூரையைப் பழுதுபார்த்து, படம்பிடித்து, பற்றுச்சீட்டையும் பத்திரப்படுத்துவோம்.

சேதம் நேர்ந்தால் உடனே நிறுவனத்துக்கு அறிவித்து, மீண்டும் படம்பிடித்த பின்னர் தார்ப்பாயோ கிடுகோ இட்டு மூடலாம். மழையை உள்ளே இறங்கவிட்டுக் காத்திருத்தல் தகாது. தடுத்திருக்கக்கூடிய நட்டத்தை நிறுவனம் மறுக்கலாம். உடைந்த ஓடுகளை மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை எறியவேண்டாம்.